உறை பாயும் அர்பாபின் துப்பாக்கியும்

வளைகுடாவின் வானம் இன்றும் உறை இல்லாமல் கிடக்கிறதென்றால், உறை பாயின் அளவு டேப் அவ்வளவு உயரம் எட்டவில்லை என்பதுதான் காரணம். மற்றபடி அவர் கண்ணில் பட்ட எந்தப் பொருளும் அம்மணமாகத் தப்பியதில்லை.

ஷார்ஜாவில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை எங்களுடையது. நான் மேனேஜர். எம்.ஏ. படித்தவன், அரபி பேசத் தெரிந்தவன், இரண்டையும் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டவன். பாய் ராமநாதபுரம் கடற்கரைக்காரர், அறுபதைத் தாண்டிய தையல்காரர். முப்பது வருடம் வளைகுடாவில் இருந்தும் அவருக்குத் தெரிந்த பேச்சு அரபி மூன்றே சொற்கள்: யல்லா, மாஃபி, கலாஸ். வா, இல்லை, முடிந்தது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

மிஞ்சிய தோலையெல்லாம் அவர் உறையாக்கிவிடுவார். டீ பிளாஸ்குக்கு உறை, துடைப்பக் கைப்பிடிக்கு உறை. எங்கள் ரூம் கேஸ் சிலிண்டருக்கு மெரூன் நிறத்தில் ஓரம் அடித்து அவர் போட்ட உறையைப் பார்த்து, விருந்தாளி ஒருவர் ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்தே விட்டார். ஒருநாள் என் கால்குலேட்டரும் உறைக்குள் போயிருந்தது. எண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"என்ன பாய் இது?"

"தூசி போயிரும்ல சார். நீங்க படிச்சவரு, எந்த நம்பர் எங்க இருக்குன்னு தெரியாதா?"

கடை முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். எழுபதைத் தொட்ட எமிராத்தி, அந்த நாட்டுக்காரர். ஒருநாள் முற்பகலில் அவர் ஒரு பழைய ஷாட்கன்னோடு வந்தார். அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. கட்டை எல்லாம் நல்ல தேக்கு நிறத்தில் பளபளத்தது. தோட்ட வீட்டில் தனியாக இருக்கிறார், இருட்டியதும் காட்டு நாய்கள் ஆடுகளைத் தேடி வருகின்றன. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துப்பாக்கி என்றால் இரண்டும் நடுங்குகின்றன. டார்ச்சைத் துப்பாக்கியிலேயே பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

"கட்டையில் நாலு துளை, நாலு திருகாணி. பத்து நிமிட வேலை" என்று அரபியில் சொல்லிவிட்டு டிரில் மெஷினின் பிளக்கைச் சொருகினேன்.

"அல்லாவே! ஓட்ட போடாதீங்க சார்!" பாய் தையல் மெஷினை விட்டு ஓடி வந்தார். "அவுக வாப்பா சாமான் அது. அஸர் தொழுகைக்குள்ள தோல்ல ஒரு சட்ட தச்சு மாட்டி, அதுலயே டார்ச்ச சொருகித் தர்றேன். சொல்லுங்க சார்."

சொன்னேன். அர்பாப் சிரித்தார். அத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

லைசென்ஸ் அர்பாப் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை வேறு யாரும் தொடக் கூடாது. அவர் குழலை மடக்கித் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குச் சட்டை அளவெடுப்பது போலப் பாய் சுற்றிச் சுற்றி வந்தார். "யல்லா அர்பாப், கொஞ்சம் திரும்புங்க" என்பார், அர்பாபும் திரும்புவார்.

உறை வந்தது. பொருத்தம் அபாரம். அர்பாப் பொத்தானை அழுத்தினார். வெளிச்சத்தைக் காணோம். பாய் வழக்கப்படி டார்ச்சின் கண்ணாடியையும் சேர்த்து மூடித் தைத்திருந்தார்.

"உள்ள எரியுது சார்!" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "சின்னத் தப்பு. அர மணி நேரத்துல மூஞ்சியத் தெறந்து விட்டுர்றேன்னு சொல்லுங்க."

நான் சொன்னது இது: "எனக்கு வயதாகிவிட்டது, கண்ணும் கையும் ஒத்துழைக்கவில்லை, என்னால் முடியாது என்கிறார்."

ஏன் சொன்னேன்? டிரில் மெஷின் தயாராக இருந்தது. அந்தச் சிரிப்பும் மனதில் இருந்தது. வேறு காரணம் இல்லை.

அர்பாப் பாயைப் பார்த்தார். "பாவம். அப்படியானால் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கட்டும். அடுத்த மாதம் விசா முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம்" என்றார்.

பாயின் கடைசி மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடியும்வரை இங்கே தாக்குப்பிடித்தாக வேண்டும் என்று தினமும் சொல்வார். எனக்கு அது தெரியும்.

"என்ன சொன்னாரு சார்?"

"சரின்னாரு."

பாய் குஷியாகக் கத்தரியை எடுத்தார். கடைசியாக ஒரு வேலை செய்து பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அர்பாப் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணாடியின் முகம் திறந்தது. கட்டை விரல் படும் இடத்தில் பொத்தானுக்கு ஒரு சன்னல் வந்தது. அடியில் ஷூ லேஸ் போல வார் கோத்து இறுக்கினார் பாய்.

தோல் அடுக்கும் அறைக்குச் சன்னல் கிடையாது. உள்ளே போய் அர்பாப் பொத்தானை அழுத்தினார். குழல் நோக்கிய இடத்தில், சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. புது பொம்மை கிடைத்தவர் போல டார்ச்சை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். பிறகு வெளியே வந்து வாரைத் தளர்த்தி, கட்டையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"மாஃபி ஓட்டை!" என்றார் பாய், நெஞ்சை நிமிர்த்தி. "கலாஸ்!"

அர்பாப் என் பக்கம் திரும்பினார். "இவரால் முடியாது என்றது யார்?"

உண்மையைச் சொல்ல அரபி இருந்தது, வாய் இல்லை. "அப்போது கொஞ்சம் சோர்ந்திருந்தார்" என்றேன். அர்பாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விசாவைப் புதுப்பித்துவிடு" என்று சொல்லிப் போனார்.

"என்ன சார் இவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"விசா அடிக்கச் சொல்லிட்டாரு பாய்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்காக அரபில வாதாடுனீங்களா? நீங்க நல்லாருக்கணும் சார்."

மகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். பாய் ஊருக்குத் திரும்பும்வரை, நான் வாதாடிய கதையைக் கேட்காத ஆளே ஷார்ஜாவில் இல்லை. கூட்டி வந்து என்னைக் காட்டுவார்: "இந்தா, இவருதான். கோர்ட்ல வக்கீல் பேசுற மாதிரி பேசுனாரு." ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்குப் பிரியாணி வந்தது. சாப்பிட்டேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். முழுதும் கேட்டுவிட்டு, "நம்ம சார் அப்படிச் செய்ற ஆளா? கதைக்காகச் சும்மா எழுதிருக்காரு" என்பார். எனக்கு அவரைத் தெரியும். எத்தனை முறை படித்துக் காட்டினாலும் நம்பமாட்டார்.