ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபியில் அகப்படாத ஒரு தாண்டல்

என் மகளின் நீளம் தாண்டுதலை நான் கெடுக்கத் தொடங்கியது, அவள் தாண்டுவதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரண்டு மெமரி கார்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று அறுபத்து நான்கு ஜிபி. மற்றது ஐநூற்றுப் பன்னிரண்டு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். புளி வாங்கும் எந்தப் பெண்ணும் என்ன செய்வாளோ அதையே நானும் செய்தேன்.

யாழினி காலையிலேயே சொல்லியிருந்தாள். "ஜிபி முக்கியமில்லம்மா. கார்டு மேல யூ எழுத்துக்குள்ள மூணுன்னு போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்கு. ஸ்பீடுதான் வேணும்."

நான் தலையாட்டினேன். (நான் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். இது என் அலுவலகத்தில் பியூன் வரைக்கும் தெரியும்.)

எனக்கு இருந்த பயமெல்லாம் இடம் போதாமல் போவதைப் பற்றித்தான். பள்ளி விளையாட்டு விழாவில் அவள் பதக்கம் வாங்கக் குனிந்த நொடியில் என் போன் 'இடமில்லை' என்று கைவிரித்திருந்தது. உறவினர்கள் அனுப்பிய காலை வணக்கங்களால் அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

இந்த முறை பதக்கத்தைவிடப் பெரிய விஷயம். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் யாழினியைப் பற்றிக் கேள்விப்பட்டு, "போட்டியில அவ பலகையில கால் வச்சு எம்புறதை ஸ்லோ மோஷன்ல எடுத்து அன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்புங்க. பார்த்துட்டுத்தான் கேம்புக்குக் கூப்பிடுவேன்" என்று சொல்லியிருந்தார். அந்த அழைப்புக்காகத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து விடியற்காலையில் பாலம் தாண்டிப் போய் மணலில் விழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள் பெண். கேமராவைக் கைலாசபுரத்திலிருக்கும் என் தம்பி செந்தில் கொடுத்தான். கார்டு மட்டும் என் பொறுப்பு.

அன்றிரவு கேட்டாள். "நான் சொன்னதுதானேம்மா வாங்கினே?"

"அதைவிடப் பெரிசாவே வாங்கிட்டேன்."

அவள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. ஆனால் மறுநாள் போட்டி. தூங்கப் போய்விட்டாள்.

மைதானத்தில் நான் செய்த அலட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பக்கத்தில் இன்னொரு பெண்ணின் அம்மா சாதாரண போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுல எப்படிங்க பத்தும்? நான் ஐநூறு ஜிபிக்கு மேல போட்டிருக்கேன்" என்றேன். அவர் பாவம், "அப்படிங்களா" என்று தன் போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் வாய்ப்பு. யாழினி ஓட வந்து நின்று ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோதே நான் பட்டனை அமுக்கிவிட்டேன். (தவறவிட்டால்?) கட்டினாள், கை தட்டிக்கொண்டாள், ஓடினாள். பலகையை நெருங்கும்போது திரையில் பொடி எழுத்தில் ஏதோ வந்து படம் நின்றது. வெயிலில் எழுத்து தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். கேமரா சூடாகிவிட்டது என்று முடிவு செய்து அதற்கு விசிறினேன்.

அடுத்த வாய்ப்பிலும் லேஸ், கைதட்டல், ஓட்டம், இருட்டு. அதற்கடுத்ததிலும் அதேதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். முருகனை வேண்டிக்கொண்டேன். ஐந்தாவது வாய்ப்பில் அவள் பறந்து போய் மணலில் விழுந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. நான் மட்டும் குனிந்து கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. அவள் ஓடத் தொடங்கினாள். படம் நின்றது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"யாழி! நில்லு! நில்லுடி! கேமரா நின்னுபோச்சு!"

சின்ன வயதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சாலையைக் கடக்கும்போது அந்தக் குரலுக்கு நிற்கப் பழகிய பெண் அவள். நின்றாள். நிற்க முடியாத வேகத்தில் நிற்கப் பார்த்து, பலகையைத் தாண்டித் தடுமாறி, மணலில் முழங்காலில் போய் விழுந்தாள். சிவப்புக் கொடி உயர்ந்தது. கொடியைப் பிடித்திருந்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "யாருங்க அது?" என்றார். பக்கத்திலிருந்த அம்மா ஓசையில்லாமல் ஓர் இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

யாழினி வந்து கேமராவைத் திறந்து கார்டை எடுத்துப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இதுல யூவுக்குள்ள ஒண்ணுதானேம்மா போட்டிருக்கு. ஸ்லோ மோஷன்னா ஒரு செகண்டுக்கு அவ்வளவு படம் வந்து விழும். அந்த வேகத்துல இதுக்கு எழுத வராது. அதான் நிறுத்திடுது."

மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவிட்டு, தண்ணீர் ஏற இளநீர் ஸ்ட்ராவை மாட்டிய கதை. லேஸ் கட்டும்போது அமுக்காமல் அவள் பாதி ஓடியபின் அமுக்கியிருந்தால், அந்த ஸ்ட்ராவிலேயே தாண்டல் ஏறியிருக்கும் என்பதையும் அவளே சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஐந்தாவது தாண்டலுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அனுப்பப் படம் இல்லை. அந்த முறை கேம்புக்கு வேறு யாரோ போனார்கள். இன்றும் எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், யார் எங்கே இருந்தாலும் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

போட்டி முடிந்த அன்று மதியம் மைதானத்தின் வெறிச்சோடிய படிக்கட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஷிப்ட் முடிந்து பைக்கில் நேராக வந்து சேர்ந்தான் செந்தில். எங்கள் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல், கேமராவை வாங்கி நிழலில் வைத்து, எடுத்த எல்லாவற்றையும் பொறுமையாகக் கடைசி வரை பார்த்தான். லேஸ், கைதட்டல், ஓட்டம். மறுபடியும் லேஸ். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போல என்னைக் கேட்டான்.

"எல்லாம் தெளிவா இருக்குக்கா. இதுல புள்ள எங்க தாண்டுறா?"