எலி செத்ததற்குக் கை தட்டினேன்

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி யாரையாவது சினிமாவுக்கு அழைத்துப்போவதாக இருந்தால், படத்தில் எலி கதாநாயகனா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் வேறு படத்துக்குப் போங்கள். நாங்கள் நல்லவர்கள்தான். ஆனால் சம்பா நெல் கதிர்விடப் பொதி கட்டுகிற நேரத்தில் பயிரைத் தூரோடு கடித்துச் சாய்த்துவிட்டுப் போகிற ஒரு பிராணி, திரையில் உலகத்தைக் காப்பாற்றுவதைப் பார்க்கும் பக்குவம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. குறிப்பாக எனக்கு.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் நடவு முடிந்த கையோடு என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகள் மகிழினி அப்போது நாலாவது படித்தாள். அழவே இல்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பா என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நாங்களும் பயந்துபோய் அவள் எதிரில் அண்ணன் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டோம். யாராவது வாய் தவறி எடுத்தால் நான் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். (நான் பேசிய அளவுக்கு மழை பெய்திருந்தால் எங்களுக்கு மேட்டூர் அணையே தேவைப்பட்டிருக்காது.)

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். கார்ட்டூன் படம். நீலத் துணி பறக்க ஒரு சூப்பர் ஹீரோ எலி வானத்தில் போகிறது. அதன் முதுகில் ஸ்வெட்டர் போட்ட குண்டு எலி ஒன்று உட்கார்ந்து சிரிக்கிறது. குழந்தையைச் சிரிக்க வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

“சிரிச்ச முகமாக் கூட்டிட்டு வந்தாப் போதும் தம்பி,” என்றார் அண்ணி. “அதுல அழுவாச்சி எதுவும் இல்லல்ல?”

“எலிப் படம் அண்ணி. எலி என்ன செத்தா போயிடப்போவுது?” என்றேன்.

(அந்தச் சமயத்தில் ஒரு பல்லியாவது கத்தி எச்சரித்திருக்கலாம். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்குப் பொறுப்பு போதாது.)

சாவு விழுந்து வருஷம் திரும்புவதற்குள் சினிமாவுக்குப் போனால் ஊர் பேசும். அதனால் தஞ்சாவூரில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அண்ணி, மகிழினி, நான் மூவரும் பஸ் ஏறினோம்.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயலில் எலி பிடிக்க மூங்கிலால் செய்த கிட்டி வைப்போம். சாயங்காலம் வைத்துவிட்டு வந்து, காலையில் வரப்பு வரப்பாகப் போய்ப் பார்ப்போம். எலி மாட்டியிருந்தால் அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, “ஒழிஞ்சான் ஒருத்தன்!” என்று கத்துவார். எதிர் வரப்பிலிருந்து, “அடுத்தவன் வரட்டும்!” என்று பதில் கத்த வேண்டும். சின்ன வயதில் அது என் வேலை. பிறகு மகிழினி அந்தப் பதவியைப் பிடுங்கிக்கொண்டாள். எலிப் படம் என்றதும் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த மூளை மொத்தத்தையும் அண்ணனே எடுத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை வரை படம் ஒரே கலாட்டா. தியேட்டரே சிரித்தது. மகிழினி மட்டும் பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து, மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உற்சாகம் வரட்டும் என்று நான் இல்லாத நகைச்சுவைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

இடைவேளைக்குப் பிறகு வில்லன் சுரங்கப்பாதையில் ஒரு பெரிய இரும்புப் பொறியை வைத்தான். ஹீரோ எலி தெரியாமல் அதை நோக்கி ஓடியது. குண்டு எலி குறுக்கே பாய்ந்து நண்பனைத் தள்ளிவிட்டுத் தானே உள்ளே போய் விழுந்தது. படார்! பொறி மூடியது. வயலின் அழுதது. தியேட்டரில் குழந்தைகள் மூக்கை உறிஞ்சத் தொடங்கின.

அந்த “படார்” என் காதில் கிட்டியாகத்தான் விழுந்திருக்க வேண்டும். என் கைகள் என்னைக் கேட்காமலே தலைக்கு மேலே போயின. பலமாக ஒரு தட்டு.

“ஒழிஞ்சான் ஒருத்தன்!”

தியேட்டர் உறைந்தது. அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல், கணீரென்று:

“அடுத்தவன் வரட்டும்!”

முன்வரிசையில் ஒரு குழந்தை ஓவென்று அலறியது. அதன் அம்மா திரும்பினார். “ஏன் சார், மனுஷனா நீங்க? புள்ளைங்க அழுவுதுங்க, கை தட்டுறீங்களே!”

“இல்லங்க, வயல்ல நாங்க...”

“இங்க எங்க சார் வயலு இருக்கு?”

டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. தியேட்டர்காரர் என்னைத் தேசத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்போது மகிழினி சிரித்தாள். பாப்கார்ன் சிதற, விக்கல் எடுக்க, சீட்டில் புரண்டு சிரித்தாள்.

“அப்பா இன்னும் சத்தமாக் கத்துவாங்க சித்தப்பா,” என்றாள். சொன்னவள் முகம் அப்படியே கோணியது. உடைந்து அழுதாள்.

“வெளியில மழை வர்ற மாதிரி இருக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“செத்த நேரம் சும்மா இருங்க தம்பி,” என்றார் அண்ணி. “அவ பேசட்டும்.”

பேசினாள். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தது, கிட்டியில் தன் விரலையே மாட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அண்ணி அழுதார். அண்ணன் போனதிலிருந்து மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நானும் அன்றைக்குத்தான் அழுதேன். மூவரில் என் சத்தம்தான் அதிகம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். என்னைத் திட்டிய அம்மாவே தண்ணீர் பாட்டிலை நீட்டி, “ஒரு எலிக்குப் போயி இவ்வளவு அழுவாதீங்க சார்,” என்றார்.

ஹீரோ எலி கடைசியில் ஜெயித்ததா என்று எங்களுக்குத் தெரியாது. முகமெல்லாம் வீங்கி ஊரில் வந்து இறங்கினோம். டீக்கடைக்காரர் பதறிவிட்டார். “என்னப்பா, மூணு பேருக்குமா பல்லப் புடுங்கிட்டாங்க?”

மகிழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னை, “எலி செத்ததுக்குக் கை தட்டுன வில்லன் சித்தப்பா” என்றுதான் அறிமுகப்படுத்துவாள். வயலிலும் அவள் சட்டம்தான். கிட்டியில் எலி மாட்டினால் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். (“அதுக்கும் ஒரு ஃப்ரெண்டு இருந்திருக்கும்ல சித்தப்பா.”) நானும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வயல்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அது முடிந்ததும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டி, “ஒழிஞ்சான் ஒருத்தன்!” என்று அச்சு அசல் அண்ணன் மாதிரியே கத்துவாள். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரப்பிலிருந்து அண்ணி முந்திக்கொள்வார்.

“அடுத்தவன் வரட்டும்!”