செப்புக் குடமும் பக்கத்துக் கிணறும்

விசேஷ வீட்டுக்குப் படித்தவர்களை அழைக்கலாம்; அவர்கள் கருவியோடு வந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். கருவியோடு போனவளே நான்தான்.

அப்போது திண்டுக்கல்லில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. தண்ணீரில் கரைந்த தாமிரத்தில், எதனோடும் ஒட்டாமல் தனியாகத் திரியும் அயனிகளை மட்டும் கண்டுபிடிக்கும் மின்முனை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பேனா அளவுதான். தண்ணீரில் விட்டால் பெட்டியில் மில்லிவோல்ட் ஓடும். அதைக் கணக்கிட்டால் அளவு தெரியும். யாரிடமாவது காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (வயசு அப்படி.)

சாணார்பட்டிப் பக்கம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாயிற்று. நான் சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்து, உறவினர் சூழ மின்முனையை முக்கினேன். எண் எகிறியது. கிணற்றில் தாமிரம் இருக்கிறது, இதில் சமைக்கக் கூடாது என்று சபையில் அறிவித்தேன்.

அக்காவின் மாமனாருக்கு (எனக்கும் அவர் மாமாதான்) முகம் செத்துவிட்டது. அந்தக் கிணறுதான் அவர் பெருமை. வரப்பைத் தாண்டி, பல வருடமாக முகம் பார்க்காத பங்காளியிடம் போய்த் தண்ணீர் கேட்டு நின்றார். பங்காளி உடனே மோட்டாரைப் போட்டார். சண்டைக்குக் காரணமான அதே வரப்பின் மேல் குழாயை இழுத்துவிட்டார். அந்தத் தண்ணீரையும் அளந்து, சுத்தம் என்றேன். (அறுபதடி தள்ளியிருக்கும் கிணறு மட்டும் எப்படிச் சுத்தம் என்று யோசித்திருக்கலாம். யோசித்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?)

பந்தி நடக்கும்போது, எந்தத் தண்ணீரை அளந்தாய் என்று அக்கா விசாரித்தாள். சமையலறை மூலையைக் காட்டினேன்.

“அடி கூறுகெட்டவளே, அது செப்புக் குடத்துத் தண்ணிடி. நேத்தே ஊத்தி வச்சது.”

வாளியோடு கிணற்றுக்கு ஓடினேன். நேராக இறைத்து அளந்தால், தாமிரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. குடத்திலிருந்த தாமிரத்தைக் கண்டுபிடித்து ஒரு குடும்ப மானத்தை வாங்கியிருந்தேன். மாமாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையை மென்று முடித்தார்.

“அப்ப நம்ம கெணறு நல்லாத்தான் இருக்கு?”

“நல்லாருக்கு மாமா.”

“சத்தமாச் சொல்லாதத்தா. அவன் இன்னும் சாப்ட்டுக்கிட்டு இருக்கான்.”

பந்தியில் பங்காளி இரண்டாவது முறை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தார்.

இன்றுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் கல்யாணத்தில்கூட, அன்றைக்குத் தன் கிணறு இல்லாவிட்டால் ஊரே படுத்திருக்கும் என்று என் மாமியாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார். மணப்பெண்ணான நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். அக்கா மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் சாம்பார் வாளியோடு உள்ளே ஓடிவிட்டாள்.