புத்தூர் கண்ட்ரோலரின் மூளைப் பயிற்சி

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள், ரிட்டையரான தகப்பனுக்கு மகன் போட்டுக் கொடுக்கும் டைம்டேபிள்தான். சந்தேகம் உள்ளவர்கள் புத்தூரில் தணிகைவேல் வீட்டுச் சுவரைப் பார்க்கலாம்.

தணிகைவேல் முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் கண்ட்ரோலர். எந்த பஸ் எப்போது வந்தது, எவ்வளவு லேட், என்ன காரணம் என்று நோட்டில் எழுதுவதே உத்தியோகம். ரிட்டையரானதும் மனுஷர் கெட்டுப்போனார். தினமும் பன்னிரண்டரைக்கு வாசலில் உட்கார்ந்து, எதிரே வந்து நிற்கும் திருப்பதி பஸ்ஸிலிருந்து மகன் இறங்குகிறானா என்று பார்க்க ஆரம்பித்தார். அவனோடு உட்கார்ந்து ஒருவேளை நிதானமாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மகன் தனசேகர் திருப்பதியில் ஒரு கம்பெனியில் 'நேர மேலாண்மை' வகுப்பு எடுப்பவன். அப்பாவின் 'வெட்டி நேரம்' அவன் நெஞ்சை உலுக்கியது. ஒருநாள் வந்து, பதினாறு கட்டம் போட்ட அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். பன்னிரண்டரைக்கு மூளைப் பயிற்சி. எண் புதிர் போட ஒரு கட்டம்போட்ட நோட்டு. பன்னிரண்டு நாற்பதுக்குச் சிரிப்புப் பயிற்சி. எழுதிவைத்த நேரம் என்றால் தணிகைவேலுக்கு வேதவாக்கு. மனைவி கன்னியம்மாள்கூட உப்பு தீர்ந்த விஷயத்தைச் சொல்ல, தியானம் முடியும்வரை காத்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை பஸ் பத்து நிமிஷம் லேட்; அதில் தனசேகர் மறுபடி வந்தான். ஒன்றரை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டுமாம். அப்பா முற்றத்தில் தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருப்பா. சிரிச்சிக்கினு கீறேன். இன்னும் எட்டு நிமிசம் கீது."

சிரிப்பு முடிந்து மூச்சுப் பயிற்சி தொடங்கியது. அடுப்படியில் களியும் கோழிக்குழம்பும் ஆறிப்போயின. ஒரு மணி தாண்டியதும் மகனுக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, எனக்கு டைம் இல்ல. இதெல்லாம் அப்பறம் செய்யி, வா துன்னலாம்."

"நீ குடுத்த அட்டையில அப்பறம்னு ஒரு கட்டம் இல்லியேப்பா. நீ வர்றதுக்கும் ஒண்ணு இல்ல."

தனசேகர் பேச்சை மாற்ற, அப்பாவின் 'முன்னேற்றத்தை'ப் பாராட்டலாம் என்று மூளைப் பயிற்சி நோட்டை எடுத்தான். எண் புதிர் ஒன்றுகூட இல்லை. கண்ட்ரோலர் கையெழுத்தில் நாளுக்கொரு வரி: 'திருப்பதி பஸ் 12.30. வந்தது. தனசேகர் இறங்கவில்லை.' எண்ணிப் பார்த்தான், அறுபது வரி. அவனுக்கு வெட்கமாக இருந்தது. எதிரே ஒன்றரை பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது, அவன் எழுந்திருக்கவில்லை. கன்னியம்மாள் இரண்டு தட்டு வைத்தாள். தணிகைவேல் மூச்சுப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அறுபத்தோராவது வரி அன்றைக்கு எழுதியது:

'தனசேகர் வந்தான். அறுபது நாள் லேட். காரணம்: நேர மேலாண்மை.'