சுண்ணாம்பு இருக்கா என்று கேட்டவன்

பூந்தமல்லி கரையான்சாவடியில் இட்லி மாவு விற்றுக் குடும்பம் நடத்திய ஒரு பெண்மணியின் பிழைப்பை நான் கெடுத்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் பாதிதான் கெடுத்திருப்பேன். அதற்கு மேல் எனக்குச் சாமர்த்தியம் போதாது. நல்லெண்ணத்தோடு இறங்கியதால் முழுசாகக் கெடுக்க முடிந்தது.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன் (இப்போதும் அங்கேதான், போல்ட்டுகளுக்கு என் வரலாறு தெரியாது). பகல் முழுக்க அளவு தப்பிய போல்ட்டுகளைச் சிவப்புத் தொட்டியில் போடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அளவு தப்பிய செய்திகளைப் பொறுக்குவேன். அதற்காக முகநூலில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். பெயர் ‘செய்திச் சல்லடை’. உள்ளூர் வெப் சேனல்கள் அவிழ்த்துவிடும் புளுகுகளை எடுத்துப் போட்டு, இது பொய், இதோ ஆதாரம் என்று எழுதுவேன். மூவாயிரத்துச் சொச்சம் பேர் படித்தார்கள். அவர்களுக்கு ஒரு பாடமும் நடத்தியிருந்தேன்: பொய்ச் செய்தியைக் கண்டால் திட்டி கமெண்ட் போடாதீர்கள், திட்டத் திட்ட அது பரவும், எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் அடியுங்கள், பக்கத்தையே தூக்கிவிடுவார்கள். மாணவர்கள் கெட்டிக்காரர்கள். அப்படி இரண்டு பக்கங்களைத் தூக்க வைத்தோம். அந்த மாதம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

ஆவடியில் ஒரு சேனல் இருந்தது. பெயரைச் சொன்னால் உடனே போய்ப் பார்ப்பீர்கள், சொல்ல மாட்டேன். அதில் ஒருநாள் பத்து விநாடி முன்னோட்டம் ஓடியது. பின்னணியில் இடி இடிக்க, ‘பூந்தமல்லி இட்லி மாவில் சுண்ணாம்பா? அதிர்ச்சி வீடியோ விரைவில்!’ கூடவே ஒரு பச்சைக் கதவின் படம். அந்தக் கதவு எங்கள் தெருமுனையில் இருக்கும் மும்தாஜ் அக்கா வீட்டுக் கதவு. ஏழு வருடமாக எங்கள் வீட்டு இட்லி அந்தக் கதவு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

மறுநாளே அக்கா எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“தம்பி, நீங்க பொய் நியூஸ புடிக்கிறவராமே. இன்னைக்கு பாதி மாவு அப்படியே கீது. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு கொற சொன்னதில்ல. உங்க இதுல, இந்த மாவத்தான் நாங்க சாப்புடுறோம், நல்லாத்தான் கீறோம்னு ஒரு வார்த்த போடுங்களேன்.”

“போட்டுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நாலு இட்லியோட போட்டோவும் எடுத்துப் போடுங்க” என்றாள் என் மனைவி சுமதி.

நான் இருவரையும் பார்த்துப் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை இன்று நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. “அக்கா, நாலு இட்லி சாட்சியாகாது. ஆதாரம் வேணும். அவங்க எப்படிப் பொய் தயாரிக்கிறாங்கன்னு உள்ளே போய் எடுக்கப்போறேன். கவலைப்படாம போங்க.”

அக்கா கவலையோடுதான் போனார்.

மாறுவேடம் என்றால் என்ன என்று ஒருநாள் முழுக்க யோசித்து, மீசையை எடுத்தேன். (வேறு யோசனை வரவில்லை.) குளியலறையிலிருந்து வெளியே வந்தவனைச் சுமதி கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏதோ பெரிய இழப்பு மாதிரி இருக்கு” என்றாள். ஆன்லைனில் வாங்கிய கேமரா பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சனிக்கிழமை காலை ஆவடிக்கு பஸ் ஏறினேன்.

பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் செய்தி நிறுவனம். ஆசிரியர் தணிகை பெரிய தொப்பையும் சின்ன மேசையும் கொண்டவர். நிருபர் வேலைக்கு வந்திருக்கிறேன், பெயர் சூர்யா என்றேன். (நாற்பத்தேழு வயதில் சூர்யா என்று பெயர் வைத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும்.) என்ன படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு போட்டோ எடுத்து, பத்தே நிமிடத்தில் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டார். போல்ட் கம்பெனியில் எனக்கு அட்டை கொடுக்க மூன்று மாதம் ஆனது.

“சார், செய்தி தப்பாப் போயிட்டா கேஸ் வராதா?” என்று அப்பாவியாகக் கேட்டு, நெஞ்சைப் பேனாவோடு அவர் பக்கம் திருப்பினேன். பேனாவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இன்னா நைனா, இதுகூட தெரியாம வந்துகினு கீற! கடைசில ஒரு கேள்விக்குறி போட்டா முடிஞ்சிது. நாம எங்க சொன்னோம்? கேக்குறோம். கேக்குறது தப்பா?” என்று சிரித்தார்.

“அந்த மாவு மேட்டர் நெசமா சார்?”

“புதுசா பாக்கெட் மாவு போடுறவன் நமக்கு விளம்பரம் குடுத்துருக்கான். அவ்ளோதான் மேட்டரு.”

எனக்குள் பட்டாசு வெடித்தது. முழு வாக்குமூலம்! அப்போதே எழுந்து கீழே இறங்கியிருந்தால் நான் வென்றிருப்பேன். ஆனால் தணிகை அடுத்து ஒன்று சொன்னார்.

“மாவு ஸ்டோரியே நீ பண்ணு. டில்லி அண்ணன் கேமரா எடுத்துகினு வருவாரு. மைக்க புடி.”

மறுத்தால் வேடம் கலைந்துவிடும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியை எழுதத்தான் இந்தக் கட்டுரை. எனக்கு அந்தப் பொய் வெளியாக வேண்டியிருந்தது. வெளியாகாத பொய்யை எப்படி அம்பலப்படுத்துவது? அவர்கள் வெட்டி ஒட்டிப் போடட்டும். வெட்டாத முழுசு என் பேனாவில் இருக்கும். இரண்டையும் அருகருகே போட்டால் மூவாயிரம் முப்பதாயிரமாகும் என்று, டில்லி அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பச்சைக் கதவின் முன்னால் மைக்கைப் பிடித்து, “இந்தக் கதவுக்குப் பின்னால் அரைபடுவது உளுந்தா? அல்லது உங்கள் உடல்நலமா?” என்று முழங்கினேன். ஒரே டேக். “இன்னா தலைவா, பொறந்ததுலேர்ந்து இதே வேலயா?” என்றார் டில்லி அண்ணன். வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

சத்தம் கேட்டு மும்தாஜ் அக்கா வெளியே வந்தார். மீசை போனதை அவர் பொருட்படுத்தவே இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மைக்கில் சேனல் பெயர் எதுவும் இல்லை, அடையாள அட்டையையும் நான் சட்டைக்குள் செருகியிருந்தேன். என் பக்கத்துக்காக நான் கேமராவோடு வந்திருக்கிறேன், சொன்னதைச் செய்ய வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “கேளுங்க தம்பி” என்றார்.

கேட்டேன். “உங்க வீட்ல சுண்ணாம்பு இருக்கா?”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “இருக்கு! எங்க ஊட்டுக்காரரு நாளெல்லாம் வெத்தல போடுறாரே, அவருக்கு இல்லாமயா? மாவுல போடுறதுக்கா தம்பி, நல்லா கேட்டீங்க போங்க!”

தெரிந்தவனிடம் பேசுகிற மாதிரி பேசினார். வேறு எந்த நிருபர் கேட்டிருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார்.

மதியம் இரண்டு மணிக்கு வீடியோ வந்தது. நான் கேட்கிறேன்: “உங்க வீட்ல சுண்ணாம்பு இருக்கா?” அக்கா சிரித்தபடி, “இருக்கு!” அங்கேயே நிறுத்தி, அந்தச் சிரிப்பை மூன்று முறை காட்டி, மேலே கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

நான் நிதானமாகப் பேனாவைக் கம்ப்யூட்டரில் செருகினேன். அதில் பதினெட்டு நிமிடம் இருந்தது: ஆவடி பஸ்ஸின் கம்பி, என் தாடை, பஞ்சர் கடை மாடிப்படி, அப்புறம் கும்மிருட்டு. பேனாவின் சிவப்பு விளக்கு எரிந்தது பதிவாகிறது என்பதற்கு அல்ல, சார்ஜ் தீரப்போகிறது என்பதற்கு. வாக்குமூலம், கேள்விக்குறி, வெத்தலை எதுவுமே இல்லை. ஆயிரக்கணக்கான போல்ட்டுகளைச் சோதித்த கை, ஒரு பேனாவைச் சோதிக்கவில்லை.

சரி, நடந்ததை எழுதியாவது போடுவோம் என்று பக்கத்தைத் திறந்தேன். பக்கம் இல்லை.

மீசை இல்லாவிட்டாலும் என் வாசகர்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொய் பிடிக்கிற ஆசாமி விலை போய்விட்டான் என்று முடிவு செய்து, நான் நடத்திய பாடத்தை வரி பிசகாமல் என் மேலேயே நடத்திக் காட்டியிருந்தார்கள். ‘பொய்யான தகவலைப் பரப்பியதால் உங்கள் பக்கம் நீக்கப்பட்டது’ என்றது திரை. மேல்முறையீடு செய்தேன், ஒரு நிமிடத்துக்குள் ஒரு இயந்திரம் என் வழக்கைத் தீர விசாரித்துத் தள்ளுபடி செய்தது. வேறு பெயரில் திறந்தேன். அதே போன் நம்பர் என்று அதையும் மூடியது. சேனல் வீடியோவோ கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை ரிப்போர்ட் அடிக்கச் சொல்ல எனக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.

தணிகைக்குப் போன் செய்து கத்தினேன். உண்மைப் பெயரையும் சொன்னேன்.

“நாங்க எங்கப்பா சொன்னோம்?” என்றார் பொறுமையாக. “கேட்டோம். அதுவும் நான் கேக்கல. நீதான் கேட்ட.”



ஞாயிறு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். சுமதியும் வந்தாள், தனியாக அனுப்பினால் வேறு ஏதாவது கேட்டுவிடுவேன் என்று பயம். முன்னறையில் நான்கு டிரம்களிலும் மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்திருந்தது. அக்கா துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெத்தலைப் பெட்டி மூடியே இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, மாறுவேடம், திட்டம். சொல்லச் சொல்ல அது இன்னும் மட்டமாக ஒலித்தது.

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை. “நாங்க சாப்புடுறோம்னு ஒரு வார்த்த போடச் சொன்னேன் தம்பி. அவ்ளோதானே கேட்டேன்?”

அடுத்த வாரம் முழுக்க எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, மாவு நல்ல மாவு என்று சொன்னேன். “சார், நீங்களா! உங்க வீடியோ பார்த்துதான் சார் உடனே நிறுத்தினோம். ரொம்ப தேங்க்ஸ்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அக்கா கிரைண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மகள் இருக்கும் வேப்பம்பட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஸ்டேஷன் பக்கம் சின்னதாக மாவுக்கடை போட்டிருக்கிறார். இங்கே நடந்த வியாபாரத்தில் கால்வாசிகூட இல்லை என்று கேள்வி. மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதில்லை. காபி இருக்கா என்று கேட்டால் சுமதி, “காபி இருக்கு, அது காபிதான், வேற எதுவும் கலக்கலை, இதை எங்கே வேணா போட்டுக்குங்க” என்பாள். விருந்தாளிகள் விழிப்பார்கள், நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் குறைவாக.

ஞாயிறுதோறும் ஆவடிக்கு பஸ், அங்கிருந்து வேப்பம்பட்டுக்கு ரயில் என்று மாவு வாங்கப் போகிறேன். அக்கா வேண்டாம் என்று சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை.

“மாவு இருக்காக்கா?”

அக்கா என் முகத்தைப் பார்க்க மாட்டார். கையிலிருக்கும் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல், இடையில் மூச்சு விடாமல் சொல்வார்: “அரிசி உளுந்து வெந்தயம் உப்பு மட்டும் போட்டு அரைச்ச மாவு இருக்கு தம்பி.”

எங்கே வெட்டினாலும் அர்த்தம் மாறாத வாக்கியம். அவர் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களிடம் சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறார். என்னிடம் மட்டும்தான்.