மைனஸ் மழையும் லேபிள் அண்ணனும்

சாப்பாட்டு டப்பாவுக்கு அலகு எழுதி ஒட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் லேபிள் அண்ணன்தான். இன்னொருத்தர் இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால் நான் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

போடியில் ஏலத்தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னச் சங்கம். கீழே ஏலக்காய்க் கடை, மாடியில் நான், அண்ணன், ஒரு ஃபேன். மலைச்சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த நாள் எவ்வளவு மழை என்று வருஷக்கணக்காகச் சேர்த்த எண்கள் சங்கத்திடம் இருந்தன. எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். எது தேதி, எது மழை என்று எழுதினவருக்கே மறந்திருக்கும். அதை நெட்சிடிஎஃப் என்ற, விஞ்ஞானிகள் பயன்படுத்தும் ஃபைலாக மாற்றுவதுதான் எங்கள் சோலி. அந்த வகை ஃபைலில் எண்ணோடு சேர்த்து, இது என்ன, எந்த அலகு, எந்த இடம், யார் அளந்தது என்று எல்லாக் குறிப்பும் உள்ளேயே இருக்கும்.

அண்ணனுக்கு அது வேலை இல்லை, கிறுக்கு. "எந்தப் பொருளா இருந்தாலும் தன்னப் பத்தித் தானே சொல்லணும்மா" என்பார். டப்பா மேல் ஸ்டிக்கர்: 'பொருள்: புளிச்சோறு. அலகு: கரண்டி. தயாரிப்பு: மனைவி. குறிப்பு: உப்பு கம்மி.' அந்தக் குறிப்பை ஒரு நாள் அண்ணி பார்த்துவிட்டார். மறுநாள் டப்பா காலி. மேலே அண்ணி கையெழுத்தில், 'பொருள்: இல்லை. காரணம்: நேற்றைய குறிப்பு.' அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, காரணத்தோட போட்டிருக்கா!" என்று ஆபீஸ் முழுக்கக் காட்டினார். ஆபீஸ் முழுக்க என்றால் என்னிடம். என் இட்லியில் பாதி அன்று அவருக்குப் போனது.

டீக்கடையில் யாராவது "சூடா ஒரு டீ" என்றால் போதும், "சூடுன்னா எத்தன டிகிரி?" என்று ஆரம்பித்துவிடுவார். கடைக்காரர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "வாய் வேகுற டிகிரி சார், குடிங்க" என்று அவர் கையிலேயே கிளாசைக் கொடுத்துவிட்டார்.

அண்ணனும் தப்புச் செய்வார். ஒரு ஃபைலில் வரிகள் தெற்கிலிருந்து ஆரம்பிக்கின்றன என்பதைக் கவனிக்காமல் மாற்றிவிட்டார். வரைபடம் தலைகீழ். மலைமேல் போடிமெட்டில் பெய்த மழையெல்லாம் அடிவாரத்தில் தேவாரம் ஊர்க் கடலைக்காட்டில் கொட்டிக் கிடந்தது. "ஏண்ணே, தேவாரத்துல ஏலக்காயும் போடிமெட்டுல கடலையும் போட்டுருவமா?" என்றேன். ஒரு ஸ்டிக்கர் எழுதித் தன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டார்: 'வடக்கு தெரியாதவர்.' அதோடுதான் பஸ் ஸ்டாண்டு வரை போனார். ஒரு பெரியவர் பரிதாபப்பட்டு வடக்குப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனாராம்.

அந்த வருஷம் சங்கம் புது ஏலநாத்து கொடுப்பதாக இருந்தது. ஆனால் மழை நன்றாகப் பெய்கிற கட்டங்களுக்கு மட்டும். எங்கள் அப்பா தோட்டத்தில் நோய் விழுந்து பாதிச் செடி போயிருந்தது. நாத்து கிடைக்காவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டு மலையை விட்டு இறங்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரைபடம் தயாரானது. எங்கள் கட்டம் மட்டும் செக்கச்செவேலென்று காய்ந்து கிடந்தது. இரண்டு பருவத்துக்குச் சொட்டு மழை இல்லையாம். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மழையே இல்லையா? அப்ப என் கால்ல ரத்தங்குடிச்ச அட்டையெல்லாம் எதுல வந்துச்சு ஆத்தா, பஸ்சுலயா?"

மழை ஈரம் இல்லாத இடத்தில் அட்டை வராது. இதை அண்ணனிடம் சொன்னேன். சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரைக் குடைந்து மூல ஃபைலை எடுத்தார். எங்கள் கட்டத்தில் அந்த இரண்டு பருவத்துக்கும் மைனஸ் 999 என்று இருந்தது. 'அளக்கவில்லை' என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் கைக்கு வந்த ஃபைலிலோ அந்த இடமெல்லாம் பூஜ்யம்.

சங்கச் செயலாளரைக் கேட்டோம். "நாந்தாம்ப்பா மாத்துனேன். மழ மைனஸ்ல பெய்யுமா? தரையிலருந்து மேல போகுமா? பாக்க அசிங்கமா இருந்துச்சு" என்றார்.

அண்ணன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "பெய்யலைங்கிறது ஒரு சேதி. யாரும் அளக்கலைங்கிறது வேற சேதி. தெரியாத இடத்துல 'இல்ல'ன்னு எழுத நமக்கு உரிமை இல்லண்ணே."

"சரி, பக்கத்துக் கட்டத்து மழைய எடுத்துப் போடு. வெரசா முடிப்பா, நாளைக்குக் கூட்டம்."

"அதுவும் பொய்தானண்ணே. அந்தக் கட்டத்த வெள்ளையா விடுறேன்."

எனக்கு வந்ததே கோபம். பக்கத்துக் கட்டத்து மழையைப் போட்டிருந்தால் அப்பாவுக்கு நாத்து வந்திருக்கும். "எங்கப்பா தோட்டம்ணே அது" என்றேன்.

"தெரியும்மா. அதனாலதான் பொய் வேணாங்கிறேன்" என்றவர், அப்பாவுக்குப் போன் போட்டு ஏன் அளக்கவில்லை என்று விசாரித்தார். கேட்டதை ஃபைலில் குறிப்பாக எழுதினார்: 'மழைமானியை யானை மிதித்துவிட்டது. மழை எவ்வளவு என்று தெரியாது. போய்ப் பார்க்கவும்.'

கூட்டத்தில் குறிப்பைப் படித்ததும் ஒரே சிரிப்பு. போய்த்தான் பார்ப்போமே என்று செயலாளரே ஜீப்பில் ஏறினார். எங்கள் தோட்டத்துக்குள் கம்பீரமாக இறங்கிப் போனவர், வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு காலிலும் அட்டை. அப்பா உப்பு டப்பாவை நீட்டி, "காஞ்ச கட்டம்ணே, பாத்து வாங்க" என்றார். அந்த வாரமே நாத்து வந்தது. இன்றைக்கும் தோட்டம் எங்களிடம்தான் இருக்கிறது.

அப்புறம் அண்ணன் வேறு வேலை கிடைத்து வடக்கே போனார். நம்பர் மாறிவிட்டது. இனி எங்கே வரப்போகிறார், மறந்திருப்பார் என்கிறார் டீக்கடைக்காரர். அப்பா மட்டும் ஒவ்வொரு பறிப்பிலும் நல்ல பச்சைக் காயாக ஒரு கைப்பிடி காயவைத்து அவருக்கென்று எடுத்து வைக்கிறார். டப்பாவுக்கு லேபிள் எழுதுவது நான்.

'பொருள்: ஏலக்காய். அலகு: கைப்பிடி. விளைந்த இடம்: வெள்ளைக் கட்டம். யாருக்கு: லேபிள் அண்ணனுக்கு. வருவாரா:'

அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக விட்டிருக்கிறேன். 'மாட்டார்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை.