லட்சுமிக்கு ஒரு குடம்

உலக வரலாற்றைச் சக்கரத்துக்கு முன், சக்கரத்துக்குப் பின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அது இனிமேல் செல்லாது. கடலாடிக்குத் தெற்கே, சாயல்குடிப் பாதையில் ஒதுங்கிக் கிடக்கும் மேலப்பொட்டக்குளத்தில் 'அறிவார்ந்த குடம்' அரங்கேறிய நாளிலிருந்து, குடத்துக்கு முன், குடத்துக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். மனிதன் நிலாவுக்குப் போனதெல்லாம் இதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம்.

ஆனால் மூக்கையா பெண்சாதி முருகேஸ்வரிக்கு வரலாற்றைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை மகனைப் பற்றியது. முனீஸ்வரனுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. ஐடிஐ முடித்தவன், சொந்த டிராக்டர், பீடி சிகரெட் கிடையாது, மூக்கும் முழியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பெண்தான் கிடைக்கவில்லை. ஊரில் மிளகாய் விளைகிறது, பருத்தி விளைகிறது, தண்ணீர் மட்டும் இல்லை. மெயின் ரோட்டுக் குழாய்வரைக்கும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போய், வரிசையில் நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். போன வருசம் அபிராமம் பக்கமிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், மாட்டுக்கொட்டகை ஓரம் சாத்தியிருந்த தள்ளுவண்டியைப் பார்த்தார்கள். 'எம்புள்ள வண்டி தள்ளவா பொறந்தா?' என்று, கொடுத்த காப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்கே ஊர்ப் பெண்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. வண்டிகளை வைக்கோல்படப்புக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பையன் நிற்காத வீடே ஊரில் இல்லையாதலால், சட்டம் ஒரு குறையுமில்லாமல் அமலில் இருந்தது. அரசாங்கச் சட்டங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

இப்படிப்பட்ட புண்ணிய பூமியில்தான் சென்னையிலிருந்து 'துளி' வடிவமைப்பு நிறுவனம் வந்து இறங்கியது. ஊருக்குள் குழாய் இழுப்பதா, இல்லை 'தண்ணீர் எடுக்கும் அனுபவத்தை' மேம்படுத்துவதா என்று மக்களையே கேட்டுச் சொல்லுங்கள் என அதிகாரிகள் அந்த நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். இது நிறுவனத்துக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும், மக்களுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் பதில் 'ஒருபக்கச் சார்பாக' ஆகிவிடுமாம். எவ்வளவு நுட்பமான அக்கறை!

பேட்டி எடுக்க வந்த பெண்ணின் பெயர் சிநேகா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன், முகத்தில் பொங்கி வழியும் பரிவு. முருகேஸ்வரி வீட்டு வாசலில் உட்கார்ந்து, போனில் பதிவைத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி எடுக்கறதுல உங்களுக்கு என்னக்கா கஷ்டம்? மனசு விட்டுச் சொல்லுங்க."

வெளியூர்ப் பெண். நாளைக்கு எந்த ஊரில் போய் என்ன சொல்வாளோ! முருகேஸ்வரி சுதாரித்துக்கொண்டாள்.

"கஷ்டமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. வண்டிய ஒரு தள்ளு தள்ளுனா, நாலு பேச்சு பேசி முடிக்கங்குள்ள ரோடு வந்துரும்."

"வெயில்ல போறீங்களே?"

"வெயிலு எலும்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாக."

"வரிசையில நிக்கறது?"

"அங்கன நின்னாத்தான் எங்களுக்குப் பொழுதே போகுது. சிரிச்சுக்கிட்டே போவோம், சிரிச்சுக்கிட்டே வருவோம்."

பக்கத்தில் இருந்த ராக்கு, பாவம், கொஞ்சம் நேர்மையானவள். "இடுப்புதான் மதினி, ராத்திரி படுத்தா..." என்று ஆரம்பித்தாள். முருகேஸ்வரி அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சம் வரவில்லை.

"இடுப்பு நல்லா உறுதியா இருக்குங்குறா தாயி."

பேச்சு முடிந்ததும் அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே மெயின் ரோட்டுக் குழாய்வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள் சிநேகா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'பயனர்கள் இதைச் சுமையாகக் கருதவில்லை, கொண்டாட்டமாகக் கருதுகிறார்கள்' என்று தன் குழுவுக்குத் தகவல் அனுப்பினாள். கொண்டாட்டத்தைக் கெடுக்கக் குழாய் எதற்கு? முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது.

இதற்கிடையே தரகர் தங்கப்பாண்டி ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். கடலாடி நாகநாதன் மகள் கவிப்ரியா, பி.காம். முனீஸ்வரன் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டதாம்.

"ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டுருக்கு அந்தப் புள்ள. தெருவுக்குக் குழாய் வந்தா மறுநாளே பூ வைக்க வாங்கன்னு சொல்லிருச்சு."

"வந்துரும், வந்துரும். அதுக்குத்தான் மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்து எழுதிட்டுப் போயிருக்கு" என்றாள் முருகேஸ்வரி. தான் என்ன எழுத வைத்தோம் என்பது அவளுக்குத் தெரியாது.

அரங்கேற்ற நாளும் வந்தது. ஊராட்சி அலுவலக வாசலில் பந்தல், மைக், வீட்டுக்கு ஒரு குடம். சும்மா சொல்லக் கூடாது, குடமா அது! கடலில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. காரங்காட்டு அலையாத்தி வேரைப் பார்த்து வடித்த ஐந்து கால்கள். அதனால் தள்ளுவண்டியில் குடம் வைக்க வெட்டியிருந்த வட்ட ஓட்டைகளில் அது உட்காரவில்லை. இயற்கையோடு இயைந்த வடிவமைப்பில் அப்படித்தான் ஆகும். 'எளிமையே அழகு' என்ற கொள்கைப்படி எல்லாக் குடமும் ஒரே சாம்பல் நிறம், பூவில்லை, பேரில்லை, அடையாளமில்லை. குழாயடி வரிசையில் எது யார் குடம் என்று தெரியாமல் அடுத்த நாளே நடந்த மயிர்பிடிச் சண்டையை 'சமூக ஊடாட்டம்' என்று நிறுவனம் பதிவு செய்துகொண்டது.

"குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோனால் உங்கள் போனுக்கே செய்தி வரும்!" என்று மைக்கில் முழங்கினார் அதிகாரி.

அந்த நிமிசமே கூட்டத்தில் இருந்த எல்லாப் போன்களும் டிங், டிங் என்று அலறின. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

முருகேஸ்வரி கைதட்டவில்லை. அவள் கண் குடத்தில் இல்லை. மேடை ஓரத்தில் ஆளுயரப் படம் ஒன்று நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் தாவணி, ஒற்றைச் சடை, இடுப்பில் குடம், முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'லட்சுமி. வயது 24. தண்ணீர் எடுக்க நடப்பது இவளுக்கு மகிழ்ச்சி. ஒருபோதும் அலுத்துக்கொள்வதில்லை.'

மேடையை விட்டு இறங்கிய சிநேகாவை மறித்தாள்.

"தாயி, இந்தப் புள்ள எந்த ஊரு?"

"லட்சுமியா? இந்த வட்டாரம்தான் அக்கா" என்றாள் சிநேகா, கேமராக்காரருக்குக் கைகாட்டிக்கொண்டே. "எங்க வேலைக்கு மையமே அவதான். அவளுக்காகத்தான் இந்தக் குடம்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"அதெல்லாம் நாங்க யோசிக்கல அக்கா."

ஆகவில்லை! முருகேஸ்வரி புருசனைத் தேடி ஓடினாள். மூக்கையா படத்தை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, "குலசாமி எதுன்னு கேட்டியா? ஒரே சாமியாப் போச்சுன்னா அண்ணந்தங்கச்சி ஆயிரும்" என்றார். பொறுப்பான மனிதர்.

மறுநாள் தங்கப்பாண்டி வந்து, குழாய் கிடையாதாமே, குடம்தானாமே, நாகநாதனிடம் என்ன சொல்வது, கொஞ்சம் தவணை கேட்கட்டுமா என்று தலையைச் சொறிந்தார். முருகேஸ்வரி சிலிர்த்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்க வேணாம். குழாய் இருந்தாத்தான் வாழ வருவேங்குற மகாராணி எங்களுக்கு எதுக்கு? வேற எடம் பாத்துக்கிறச் சொல்லுங்க. வண்டிய சிரிச்சுக்கிட்டே தள்ளுற பொண்ணு எங்களுக்கு அமைஞ்சிருச்சு."

"யாத்தே! அப்பிடியும் ஒரு பொண்ணா? தங்கச்சி எதுவும் இருக்கா அதுக்கு?" என்றார் தங்கப்பாண்டி. அவருக்கும் ஒரு மகன் இருந்தான்.

முனீஸ்வரன் மட்டும், "அந்தக் கவிப்ரியா புள்ள நல்ல புள்ளைம்மா" என்று முனகினான். "சும்மா கெடலே" என்று அடக்கிவிட்டாள். நாகநாதன் ரோசக்காரர். சேதி போன வேகத்தில் பரமக்குடியில் ஒரு பையனுக்கு மகளைப் பேசி முடித்துவிட்டார்.

நல்ல நாள் பார்த்து, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் வைத்துக்கொண்டு, முருகேஸ்வரியும் மூக்கையாவும் ராமநாதபுரத்தில் இருந்த 'துளி' கிளை அலுவலகத்துக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் குடத்துக்குத் தேசிய அளவில் ஒரு விருது அறிவித்திருந்தார்கள். தட்டைப் பார்த்ததும் சிநேகா உருகிப்போனாள்.

"ஐயோ அக்கா, எதுக்கு இதெல்லாம்? நீங்க சந்தோசமா இருந்தா அதுவே போதும்."

"சந்தோசத்துக்குத்தான் வந்திருக்கோம் தாயி. லட்சுமிய எம்மகனுக்குக் கேக்க வந்தோம். அவுக அய்யா, ஆத்தா எங்கன இருக்காகன்னு நீதான் காட்டணும்."

சிநேகா சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா... லட்சுமின்னு யாரும் இல்லக்கா. உங்க எல்லார் பேட்டியையும் கலந்து நாங்க உருவாக்கின ஆளு அவ. படம்கூடக் கம்ப்யூட்டர் வரைஞ்சதுதான்."

"இல்லாத ஒருத்திக்கா குடம் செஞ்சீக?"

"இதுல என்ன இருக்கு?" என்றார் மூக்கையா, பெண்சாதியைத் தேற்றுவதுபோல. "ஆட்டுத் திட்டத்துலகூட இல்லாத ஆளுக பேருலதான் ஆடு குடுத்தாக."

முருகேஸ்வரி தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கவிப்ரியா போய்விட்டாள். லட்சுமி பிறக்கவே இல்லை. "ஒரு குழாயப் போட்டுக் குடுத்திருந்தா எங்குடும்பம் வெளங்கியிருக்குமே! ஏந்தாயி குடத்தத் தூக்கிட்டு வந்தே?" என்று கேட்டாள்.

"நீங்க கேக்கவே இல்லையேக்கா" என்றாள் சிநேகா, உண்மையிலேயே வருத்தப்பட்டு. போனை எடுத்து அன்றைய பதிவை ஓடவிட்டாள். 'கஷ்டமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி...' முருகேஸ்வரியின் குரல்தான். 'சிரிச்சுக்கிட்டே போவோம், சிரிச்சுக்கிட்டே வருவோம்.' மூக்கையா பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பொய்தான் சொன்னேன். எம்பயலுக்குப் பொண்ணு கெடைக்கணும்னு சொன்னேன். நீ எங்க பின்னாடியே ரோடு வரைக்கும் நடந்து வந்தியே, கண்ணால பாத்தியே, நீ எதுக்குத் தாயி நம்புனே?"

சிநேகா போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். முருகேஸ்வரி அவளைப் பார்த்தாள், பிறகு சிநேகாவைப் பார்த்தாள். மெல்லத் தட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா பாப்பா?"

"இல்லக்கா."

"எம்மகன் தங்கமான பய. சொந்த டிராக்டர். சாதி, சாமி எதுவும் கேக்க மாட்டேன். குடம் ஒங்குடம், வண்டி எங்க வண்டி. நீ வாரியா எங்க வீட்டுக்கு?"

சிநேகா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஐயையோ, அந்த ஊருக்கா? அங்க தண்ணியே இல்லையேக்கா!"

'துளி' நிறுவனத்தின் கள ஆய்வில் ஒரு பெண் மனசு விட்டுச் சொன்ன பதில் இது ஒன்றுதான். விருதுக்கான அறிக்கையை முன்பே அனுப்பிவிட்டதால், இதைச் சேர்க்க முடியவில்லை.